ஒரு பக்கம் மட்டும் வளையும் வில்: இரண்டு லிம்பையும் சமன் செய்வது எப்படி?

பாதி சீவிய வில்லின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியில் கை வைத்து அழுத்துங்கள். கொஞ்சம் வளைந்து கொடுக்கும். திருப்பி மறுமுனையை ஊன்றி அதே அளவு அழுத்துங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று பிரம்பு மாதிரி இசையும், மற்றது உலக்கை மாதிரி நிற்கும். ஒரே பலகையில் ஒரே அளவுக்குக் கோடு போட்டு அறுத்ததுதான், ஆனாலும் அப்படித்தான். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, விறைப்பான இடத்தில் மட்டும் மரம் எடுத்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றுக்கொன்று ஈடாகக் கொண்டுவருவதற்கு டில்லரிங் என்று பெயர். வில் செய்யும் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போகும். அறுப்பதும் சீவுவதும் ஒரு நாள் வேலை, இது பல நாள் வேலை.

பேச்சுக்குத் தேவையான நாலைந்து சொற்களை முதலில் பார்த்துவிடலாம். கைப்பிடிக்கு மேலே இருப்பது மேல் லிம்ப், கீழே இருப்பது கீழ் லிம்ப். எய்பவரின் முகத்தைப் பார்க்கும் பக்கம் வில்லின் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. வளையும்போது முதுகு இழுபடும், வயிறு நெரிபடும். மரத்தை எப்போதும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். முதுகில் ஒரு நார் அறுந்தாலும் அங்கிருந்து பிளவு கிளம்பி வில் இரண்டாகும். மூங்கில் வில்லில் வெளித்தோல்தான் முதுகு. அதில் இழைப்புளி படவே கூடாது, கணு மேட்டை லேசாகத் தேய்ப்பதோடு சரி.

அரை மில்லிமீட்டர் என்ன செய்யும்?

டில்லரிங்கில் மரம் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கனத்துக்கும் விறைப்புக்கும் உள்ள உறவு தெரியாமல் சீவுவது. லிம்பின் அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்கு குறையும். கனம் அப்படியல்ல. விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, அதாவது கனம் × கனம் × கனம். 12 மி.மீ. கனமுள்ள லிம்பை 11.5 ஆக்கினால் விறைப்பில் சுமார் 12 சதவீதம் போய்விடும். 35 மி.மீ. அகலத்தில் 1 மி.மீ. எடுத்தால் போவது 3 சதவீதம்கூட இல்லை.

இழைப்புளியின் கத்தியைக் கொஞ்சம் ஆழமாக வைத்து நாலு தள்ளு தள்ளினாலே அரை மி.மீ. போய்விடும். அதனால்தான் முதல் கட்டச் சீவலுக்கு மட்டும் இழைப்புளி, அப்புறம் மர அரம், கடைசியில் சுரண்டி. வில் வளையத் தொடங்கிவிட்டால் இழைப்புளியைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். தனியாகச் சுரண்டி வாங்க வேண்டும் என்றில்லை, ஓரத்தை நன்றாகத் தீட்டிய எஃகுத் தகடு அல்லது ஒரு பழைய கத்தி போதும்.

நீளத்துக்கும் இதே மும்மடிக் கணக்குதான், ஆனால் தலைகீழாக. லிம்ப் குட்டையாக இருந்தால் விறைப்பு கூடும். 80 செ.மீ. லிம்பின் முனையில் ஒன்றரை செ.மீ. அறுத்தால் சுமார் 6 சதவீதம் விறைப்பு ஏறும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் உதவும்.

‘சமம்’ என்றால் எது சமம்?

இரண்டு லிம்பும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் புதிதாகச் செய்பவர்கள் நினைக்கிறார்கள். அது தேவையே இல்லை. ஜப்பானிய யுமி வில்லைப் பாருங்கள்: இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், கைப்பிடியோ கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில். மேல் லிம்ப் கீழ் லிம்பைப்போல இரு மடங்கு நீளம். ஆனாலும் அம்பு நேராகப் போகிறது. ஈடாக வேண்டியது உருவமல்ல. கைப்பிடியில் உங்கள் உள்ளங்கை அழுத்தும் புள்ளியைச் சுற்றி இரண்டு பக்கத்து இழுப்பும் ஈடாக வேண்டும், அவ்வளவுதான்.

பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசாவை நினைத்துக்கொள்ளுங்கள். நடுமுளைக்குக் கிட்டே உட்கார்ந்தவர் கனமாக இருந்தால்தான் பலகை மட்டமாக நிற்கும். சாதாரண வில்லில் அம்பு நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே போகும், கை அதற்குக் கீழே இருக்கும். அதாவது முளை கீழ் லிம்புக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆகவே கீழ் லிம்ப் சற்று விறைப்பாக இருந்தாக வேண்டும்.

கணக்காகப் பார்க்கலாம். 183 செ.மீ. நீளமுள்ள வில், அதாவது 72 அங்குலம். நடுவில் ஒரு கோடு. கைப்பிடி 10 செ.மீ.: கோட்டுக்கு மேலே 3, கீழே 7. கைப்பிடியின் கனத்திலிருந்து லிம்பின் கனத்துக்குச் சரிந்து இறங்கும் பகுதிக்கு இரண்டு பக்கமும் 5 செ.மீ. விட்டால், மேல் லிம்பில் வளையும் நீளம் 83.5, கீழ் லிம்பில் 79.5. கனம் ஒன்றாகவே இருந்தாலும் கீழ் லிம்ப் சுமார் 16 சதவீதம் விறைப்பாகிவிடுகிறது. வித்தியாசத்தில் பெரும்பகுதி கைப்பிடியை வைத்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. டில்லரிங்கில் மிச்சத்தைத் திருத்தினால் போதும்.

நாணேற்றிய பிறகு சரிபார்ப்பது இப்படி: நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 20 செ.மீ. தள்ளி அடையாளம் வைத்து, அங்கே வயிற்றுக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். மேல் பக்கம் 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருந்தால் சரி. தச்சர் கணக்கில் ஒரு நூல் முதல் இரண்டு நூல் வரை. எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதால், அங்குல டேப்பில் இதைப் படிப்பது சுலபம்.

சீவும் முன்பே அளக்க வேண்டியவை

மரத்துக்குப் பிறவியிலேயே ஒரு வளைவு இருக்கும். ஒரு லிம்ப் முதுகுப் பக்கமாக 2 செ.மீ. நிமிர்ந்திருக்கும், மற்றது நேராக இருக்கும். இரண்டையும் ஒரே அளவு வளைத்தால், நிமிர்ந்திருந்த லிம்ப் 2 செ.மீ. பின்தங்கித்தான் நிற்கும். பார்ப்பவருக்கு அது விறைப்பாகத் தெரியும். அதை நம்பிச் சீவினால் நல்ல லிம்ப் கெட்டது. பார்க்க வேண்டியது, நாணில்லாமல் கிடந்த நிலையிலிருந்து அது எவ்வளவு நகர்ந்தது என்பதைத்தான். முதல் நாளே வில்லைச் சுவரோரம் வைத்து, கைப்பிடியிலிருந்து இரண்டு பக்கமும் நூல் பிடித்து, முனைகள் நூலைவிட்டு எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கைப்பிடியிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். காகிதத்தில் எழுதினால் தொலைந்துவிடும்.

மூங்கிலில் இந்த ஏற்றத்தாழ்வு நன்றாகவே தெரியும். அடிப்பக்கம் சுவர் தடித்தும், நுனிப்பக்கம் மெலிந்தும் இருக்கும். உட்புறம் கெட்டியான கல் மூங்கிலை எடுத்துப் பிளந்தாலும் அடி வேறு, நுனி வேறுதான். அடிப்பக்கத்தைக் கீழ் லிம்பாக வைத்தால் இயற்கை கொடுத்த விறைப்பு நமக்குச் சாதகமாகும். எது அடி என்று பிளந்தவுடனே எழுதி வைக்க வேண்டும், சீவிய பிறகு கண்டுபிடிப்பது சிரமம். சென்னை வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் தேக்குச் சட்டம் எடுப்பவர்கள் நிறத்தைவிட வரியைப் பார்ப்பது நல்லது. வரிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓரத்தில் வெளியேறாமல் ஓட வேண்டும். நடுவழியில் ஓரத்துக்கு ஓடிவிட்டால் அந்த லிம்ப் எவ்வளவு கனமாக இருந்தாலும் அங்கே ஒடியும்.

சென்னையில் கூடுதலாக ஒரு தொந்தரவு, ஈரப்பதம். வில்லுக்கு ஏற்ற மரத்தில் ஈரம் 8 முதல் 10 சதவீதம். காற்றின் ஈரப்பதம் 75, 80 என்று நிற்கும் ஊரில் மரம் தானாகவே 14 முதல் 16 சதவீதத்துக்கு வந்துவிடும். கடையில் ‘நல்லா காஞ்ச மரம் சார்’ என்று சொன்னது பொய்யாக இருக்காது, ஆனால் இந்த ஊர்க் காய்ச்சல் அவ்வளவுதான். ஈர மரம் ஒடியாது. ஆனால் வளைத்தது வளைந்தபடி நிற்கும். இதை ‘செட்’ என்பார்கள். ஒரு லிம்பில் செட் அதிகம், மற்றதில் குறைவு என்று ஆனால், சமன் செய்ததெல்லாம் கலைந்துவிடும். ஐப்பசி மழையில் டில்லரிங் செய்வதைவிடத் தள்ளிப்போடுவது மேல். ஏசி ஓடும் அறையில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மரம் 9 சதவீதத்துக்கு இறங்கும். சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் எடை மாறவில்லை என்றால் தயார். அவசரப்பட்டு மே மாத வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் முனைகள் வெடிக்கும். வெட்டு முனைகளில் ஃபெவிகால் தடவி வைப்பது அதனால்தான்.

தாங்கு கட்டையில் மாட்டி இழுப்பது

இதற்குப் பெரிய சாதனம் வேண்டாம். சுவரில் நெஞ்சுயரத்தில் ஒரு தாங்கு கட்டை, நேர் கீழே தரையோரம் ஒரு கப்பி. கிணற்றுக் கப்பி கிடைத்தால் நல்லது, இல்லையேல் ஹார்டுவேர் கடைச் சிறு கப்பி. நாணில் ஒரு கொக்கி, கொக்கியில் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு, அதிலிருந்து கயிறு கப்பி வழியாக உங்கள் கைக்கு. மூன்று மீட்டர் தள்ளி நின்று இழுத்தால் முழு வில்லும் கண்ணுக்குத் தெரியும், ஒடிந்தாலும் முகத்தில் அடிக்காது. நாணுக்கு நைலான் வேண்டாம், அது நீண்டு ஏமாற்றும். பாலியஸ்டர் நூலைத் திரித்துக்கொள்ளுங்கள்.

தாங்கு கட்டை விஷயத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. அகலமான கட்டையில் கைப்பிடியை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினால் வில் அசையாமல் அழகாக இருக்கும். ஆனால் எந்த லிம்ப் வலுவாக இழுக்கிறது என்பதே மறைந்துவிடும். மேற்புறம் உருண்ட, இரண்டு விரல் அகலக் கட்டையாக இருக்கட்டும். அதன்மேல் உள்ளங்கை அழுத்தும் இடம் உட்கார வேண்டும். கொக்கியும் நாணின் நடுவில் அல்ல, அம்பு மாட்டும் இடத்தில். வில் இங்கே சீசா மாதிரி ஆட முடியும்.

இழுத்தால் விறைப்பான லிம்ப் பக்கமாக வில் சாயும். அதாவது விறைப்பான லிம்பின் முனை தரையை நோக்கி அதிகமாக இறங்கும். இங்கே கண் நம்மை நன்றாக ஏமாற்றும். கீழே இறங்கிய முனையைப் பார்த்து ‘இதுதான் அதிகம் வளைகிறது’ என்று முடிவுகட்டி, மறுபக்கத்தைச் சீவிவிடுவார்கள். அடுத்த இழுப்பில் சாய்வு இன்னும் கூடும். மறுபடியும் அதே பக்கம் சீவுவார்கள். அரை மணியில் ஒரு லிம்ப் கயிறாகிவிடும். வளைவைத் தரையோடு ஒப்பிடக் கூடாது, கைப்பிடியோடு ஒப்பிட வேண்டும். கைப்பிடியில் ஒரு நேர்ச்சட்டத்தைக் கட்டி வைத்தால் சாய்வு உடனே தெரியும். தாங்கு கட்டைக்குப் பின்னால் கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் இன்னும் தெளிவு. நேர்ச்சட்டம் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக நின்றால் வில் ஈடாகிவிட்டது.

இழுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் வில்லின் நீளத்துக்கு ஒட்டிய தளர்நாண். அதுவும் தொளதொள என்று தொங்கினால் கணக்கு தப்பும். முனைகள் 12, 15 செ.மீ. இறங்கும்வரை அதில்தான் வேலை. அப்புறம் உண்மையான நாண், கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே 7 அல்லது 8 செ.மீ. உயரத்துக்கு மட்டும். சமன் வந்தால் 15 செ.மீ. உயரம். பிறகு ஒவ்வொரு தடவையும் 2, 3 செ.மீ. கூட்டி 71 செ.மீ., அதாவது 28 அங்குலம்வரை இழுக்கலாம். இதில் மீறக் கூடாத விதி: செய்யப்போவது 40 பவுண்டு வில், அதாவது முழுத் தூரம் இழுக்க 40 பவுண்டு விசை கேட்கும் வில் என்றால், தராசில் 18 கிலோவைத் தாண்டி எந்தக் கட்டத்திலும் இழுக்கக் கூடாது. 18 கிலோ பாதித் தூரத்திலேயே வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, மரம் எடுத்து, மறுபடி பார்க்க வேண்டும். சமன் சரியில்லாத வில்லை முழுத் தூரம் இழுத்தால் இளகிய லிம்பே பாரம் முழுவதையும் வாங்கி செட் ஆகும்.

எங்கே எடுப்பது, எவ்வளவு

இரண்டு கேள்வி இருக்கிறது, கலந்துவிடாதீர்கள். ஒரு லிம்ப் தனக்குள்ளேயே சீராக வளைகிறதா என்பது ஒன்று. இரண்டு லிம்பும் ஒன்றுக்கொன்று ஈடா என்பது மற்றது. முதல் கேள்விதான் முதலில்.

அதற்கு ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளலாம். 15 செ.மீ. நீளத் தட்டையான மரக்கட்டை, நடுவில் துளை, துளையில் இறுக்கமாக ஒரு பென்சில். வில்லைக் கொஞ்சம் இழுத்த நிலையில் கட்டிவைத்து, கட்டையை வயிற்றின் மேல் வையுங்கள். வயிறு குழிந்திருப்பதால் கட்டையின் இரண்டு முனையும் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். எங்கே இடைவெளி மிக அதிகமோ அங்கே பென்சில் முனை மயிரிழையில் தொடாமல் நிற்கும்படி வைத்து, லிம்ப் முழுக்கத் தள்ளிக்கொண்டு போங்கள். எங்கே வளைவு குறைவோ அங்கெல்லாம் பென்சில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் மட்டும் சுரண்டுங்கள். கோடு விழாத இடத்தைத் தொடாதீர்கள். அகலம் கைப்பிடியிலிருந்து முனைவரை நேராகக் குறுகிக்கொண்டே போகும் வில்லுக்கு இது அப்படியே பொருந்தும். அகலம் பாதிவரை மாறாத வில்லில் முனையை நெருங்க நெருங்க வளைவு கொஞ்சம் கூடினால் தப்பில்லை. முடிச்சு உள்ள இடத்தைக் கோடு விழுந்தாலும் சற்றுக் கனமாகவே விடுங்கள்.

எடுக்கும் அளவு: ஒரு முறைக்கு பத்து, பதினைந்து சுரண்டல். அதுவும் ஒரே இடத்தில் அல்ல, பரவலாக. இடது ஓரக் கனமும் வலது ஓரக் கனமும் ஒன்றா என்று காலிப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். பிறகு நாணை மாட்டி, எட்டியிருக்கும் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருபது, முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுங்கள் — கயிற்றைப் பிடித்தபடியே விட வேண்டும், வெறும் நாணைச் சுண்டிவிடக் கூடாது. மரம் தன் மாற்றத்தை உடனே காட்டாது. இந்த முப்பது இழுப்பைத் தவிர்த்துவிட்டு ‘இன்னும் வளையவில்லையே’ என்று மறுபடி சுரண்டுவதுதான் 40 பவுண்டு வில் 28 பவுண்டாக முடிவதற்குக் காரணம்.

கண்ணை மட்டும் நம்பாமல் ஃபோனில் படம் எடுங்கள். கைப்பிடி உயரத்தில் ஸ்டூல் மேல் வைத்து, தள்ளி நின்று ஜூம் போட்டு எடுக்க வேண்டும். கிட்டே வைத்தால் லென்ஸே ஓரங்களை வளைத்துக் காட்டும். டைல்ஸ் ஒட்டிய சுவர் பின்னால் இருந்தால் வரைகட்டம் இலவசம். ஒரு பாதியைப் புரட்டி மறுபாதியின் மேல் வைத்துப் பார்த்தால் நூலளவு வித்தியாசமும் தெரியும்.

கை மீறிப் போனால்

ஒரே இடத்தில் அதிகம் எடுத்துவிட்டால் அங்கே கதவுக் கீல் மாதிரி மடங்கும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கீலின் இரண்டு பக்கமும் மரம் எடுத்து வளைவைப் பரப்ப வேண்டும், பிறகு மறு லிம்ப் முழுவதையும் அதற்குத் தகுந்தாற்போல் இறக்க வேண்டும். இழுவை எடை குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கீல் இருந்த இடத்தில் வயிற்றின் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிகிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். நார் நெரிந்ததன் அடையாளம் அது. தெரிந்தால் அந்த வில்லில் எடையைக் கூட்ட நினைக்க வேண்டாம்.

ஒரு லிம்ப் முழுவதுமே இளகிவிட்டதென்றால் வழி இருக்கிறது. செலவே இல்லாத முதல் வழி, வில்லைத் தலைகீழாகத் திருப்புவது: இளகியதை மேல் லிம்பாக்கி, கைப்பிடியின் தோலையும் அம்பு போகும் இடத்தையும் அதற்கேற்ப மாற்றுவது. கைப்பிடியை இன்னும் இறுதியாகச் செதுக்காமல் வைத்திருப்பவர்களுக்கு இது மிகச் சுலபம், அதனாலேயே கைப்பிடியைக் கடைசியில் செதுக்கச் சொல்கிறோம். இரண்டாவது, இளகிய லிம்பின் முனையில் 1 முதல் 1.5 செ.மீ. அறுத்துப் புதிதாக நாண் பள்ளம் போடுவது. முன்பு சொன்ன 6 சதவீதம் இங்கே உதவும். மூன்றாவது, இளகிய லிம்பின் வயிற்றை ஹீட் கன்னால் மெதுவாக, பொன்னிறம் தாண்டிக் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வாட்டுவது. விறைப்பு கொஞ்சம் ஏறும். வாட்டியவுடன் மரம் மிகவும் வறண்டிருக்கும், அன்றே வளைத்தால் ஒடியும். நாலைந்து நாள் சும்மா வைத்துவிட்டுத் தொடுங்கள். முதுகைச் சுடவிடக் கூடாது.

நாணைக் கழற்றியவுடன் முதல் நாள் எழுதிய அளவோடு ஒப்பிடும் பழக்கமும் வேண்டும். ஒரு லிம்ப் அரை செ.மீ., மற்றது 2 செ.மீ. வளைந்து நின்றால், அதிகம் வளைந்ததுதான் கூடுதலாக உழைத்திருக்கிறது. இழுத்த நிலையில் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அளவு சொல்வதை நம்புங்கள். மற்ற லிம்பில் மரம் எடுக்க வேண்டும்.

எய்து பார்க்கும்போது கைப்பிடி உள்ளங்கையை உதைத்தால், அல்லது அம்பு மேலும் கீழும் ஆடிக்கொண்டு போனால், நாண் இடைவெளியை மறுபடி அளங்கள். இரண்டு லிம்பும் ஒரே நேரத்தில் வந்து நிற்கவில்லை என்றால் இப்படி ஆகும். அம்பு மாட்டும் புள்ளி தவறான உயரத்தில் இருந்தாலும் அம்பு அப்படியே ஆடும், ஆகவே சுரண்டியை எடுப்பதற்கு முன்னால் அந்தப் புள்ளியை இரண்டு மி.மீ. ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். எய்வது மாடியில் வேண்டாம். 40 பவுண்டு வில்லின் அம்பு அடுத்த தெருவைத் தாண்டிப் போகும்.

நூறு அம்பு போன பிறகு சமன் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அப்போது ஒரு முறை திருத்த வேண்டியிருக்கும். பாலிஷ் போடுவதை அதுவரை தள்ளிவையுங்கள். பாலிஷுக்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் மரம் எடுப்பதுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 12 மி.மீ. லிம்பில் 0.2 மி.மீ. தேய்ந்தாலே 5 சதவீதம் போகும், 40 பவுண்டு 38 ஆகும். ஒரு லிம்பை ரசித்து ரசித்து அதிகம் தேய்த்தால் சமனும் போகும். அதனால் இரண்டு லிம்புக்கும் எண்ணி அதே தடவை தேய்த்து, தேய்த்த பின் ஒரு முறை 20 செ.மீ. அடையாளத்தில் அளந்துவிட்டு, அப்புறம் பாலிஷ் டப்பாவைத் திறக்கலாம்.